பிளேட்லெட் ஏழாயிரம்: விட்டுப் பார்ப்பதா, மாத்திரையா, ஐ.வி.ஐ.ஜி.யா?

காட்பாடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பெற்றோர் முகம் மாறுவதைக் கவுன்டருக்கு உள்ளே நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போன வருடம் தை மாதம் கவுன்டருக்கு வெளியே நானே நின்றேன்.

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு அப்போது நான்கு வயது. சளியும் காய்ச்சலும் வந்து சரியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது முழங்காலுக்குக் கீழே கடுகு தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். "கொசு கடிச்சிருக்குது, இதுக்குப் போய் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி" என்றாராம் அவளுடைய பாட்டி. கண்ணாடி டம்ளரை அதன் மேல் வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லி அக்காவிடம் போனில் சொன்னேன். கொசுக்கடியாக இருந்தால் அழுத்தும்போது சிவப்பு மறையும். மறையவில்லை. மாலையில் என் கூடத்திலேயே ரத்தம் எடுத்தோம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 7,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது.

அடுத்த மாதம் வள்ளிமலையில் அவளுக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தோம். தாய்மாமன் மடி என்னுடையது. அது அன்றைக்கே நின்றது.

அவளுக்கு வந்தது ஐ.டி.பி., உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும் நோய். அதற்கப்புறம் விஷயம் பரவி, ஆற்காட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும்கூட யாராவது அழைக்கிறார்கள். கேள்வி ஒன்றேதான்: "ஒரு டாக்டர் சும்மா விட்டுப் பார்க்கலாம்ங்கிறார், இன்னொருத்தர் ஸ்டீராய்டுங்கிறார், சொந்தக்காரர் ஒருத்தர் லட்ச ரூபாய் ஆனாலும் ஐ.வி.ஐ.ஜி. ஊசி போட்டுடுங்கங்கிறார். எதைச் செய்யறது?" நான் டாக்டர் இல்லை. முடிவு குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவருடையது. அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக இதை எழுதுகிறேன்.

## முதலில், அந்த எண் உண்மையா?

எந்த வழியை எடுப்பது என்று பேசும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தம் ஊதா மூடி டியூபில் எடுக்கப்படுகிறது. உறையாமல் இருப்பதற்காக அதற்குள் இருக்கும் ரசாயனம் சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். கொத்தாக ஒட்டியதை மெஷினால் எண்ண முடியாது. நல்ல குழந்தைக்கு 20,000 என்று அச்சடித்துக் கொடுத்துவிடும். குத்திய இடத்தில் ரத்தம் வர மறுத்து, பிழிந்து பிழிந்து எடுத்தாலும் இதே கதைதான். ஆகவே ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒரு ஆள் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அந்த இழுப்பின் வால் பகுதியில் கொத்துகள் இருந்தால், நீல மூடி டியூபில் மறுபடி எடுத்து எண்ணுவோம்.

அன்றைக்கு நான் பார்த்த ஸ்லைடில் கொத்து எதுவும் இல்லை. எண்ணெய் லென்ஸில் ஒரு வட்டத்துக்குள் தெரியும் ஒரு பிளேட்லெட், மெஷின் கணக்கில் பதினைந்து முதல் இருபதாயிரத்துக்குச் சமம். இரண்டு மூன்று வட்டம் நகர்த்தினால் ஒன்று கண்ணில் பட்டது. அதுவும் பெரிதாக, புதிதாகப் பிறந்தது போல இருந்தது. சிவப்பணுவும் வெள்ளை அணுவும் சரியாக இருந்தன. ஐ.டி.பி. என்று சொல்லப்படும் நோயின் படம் இதுதான். கிருமியை அடிக்க உருவான எதிர்ப்புப் புரதம் ஆள் மாறிப் பிளேட்லெட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியவற்றை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாகப் புதிதாகச் செய்து அனுப்புவதால்தான் மிச்சம் இருப்பவை பெரிதாகத் தெரிகின்றன.

இந்தப் படத்தோடு ஒட்டாத எதுவும் இருந்தால் நிறுத்தி யோசிக்க வேண்டும். விடாத காய்ச்சல், ராத்திரியில் கால் எலும்பு வலி, எடை இறங்குவது, கழுத்தில் கட்டி, வயிற்றில் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுவது, மற்ற அணுக்களும் குறைந்திருப்பது: இவை இருந்தால் ரத்தப் புற்றுநோயா என்று பார்க்காமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது. காய்ச்சலோடு எண் இறங்கினால் நம் ஊரில் முதல் சந்தேகம் டெங்குதான், அது வேறு கணக்கு. ஐ.டி.பி. குழந்தை பெரும்பாலும் உடம்பெல்லாம் புள்ளியோடு ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். பெற்றோரைக் குழப்புவதும் அதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் ஐந்து கேள்விகள்.

1. ரத்தக் கசிவு எங்கே நிற்கிறது? தோலோடு போகிறதா, மூக்கு, ஈறு, சிறுநீர், மலம் வரை வந்துவிட்டதா?
2. வீடு எங்கே? ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கில் ரத்தம் வந்தால் எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரி?
3. குழந்தைக்கு என்ன வயது, எவ்வளவு சேட்டை?
4. பில்லில் வரும் செலவு, பில்லில் வராத செலவு.
5. இது எத்தனை நாள் நோய்?

பிளேட்லெட் எண் பட்டியலில் இல்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். பத்தாயிரத்துக்குக் கீழே போன குழந்தைகளிலும் பெரும்பாலானவர்களுக்குத் தோல் புள்ளியைத் தாண்டி எதுவும் ஆவதில்லை. எல்லோரும் பயப்படுகிற மூளை ரத்தக் கசிவு ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு. அபாயம் சின்னது, ஆனால் பூஜ்யம் இல்லை. எண் ஒரு எச்சரிக்கைப் பலகை, அவ்வளவுதான். அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கசிவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கச் சொல்கிறது.

ஐந்தாவது கேள்வியில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். "சீக்கிரம் மருந்து கொடுத்தால் நோய் நீளாமல் இருக்குமா?" என்கிறார்கள். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். மருந்தைத் தேர்ந்தெடுப்பது அடுத்த இரண்டு வாரத்துக்காக. நோய் நீளுமா என்பது பெரும்பாலும் மருந்தின் கையில் இல்லை.

## எத்தனை நாள் ஓடும்? முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்கள்

மூன்று மாதம் வரை புது நோய், மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரை நீடிக்கும் நோய், ஒரு வருடம் தாண்டினால் நாள்பட்ட நோய். 2009-ல் உலக அளவில் ஒத்துக்கொண்ட பிரிவு இது. ஐந்து குழந்தைகளில் ஏறக்குறைய நான்கு பேர் ஒரு வருடத்துக்குள் தேறிவிடுகிறார்கள். ஐந்தாவது குழந்தை யார் என்பதுதான் கேள்வி.

டென்மார்க், ஸ்வீடன் போன்ற நார்டிக் நாடுகளின் மருத்துவர்கள் 2007-ல் ஒரு எளிய மதிப்பெண் முறையைக் கொடுத்தார்கள். கருவி வேண்டாம், முதல் நாள் விவரம் போதும்.

| முதல் நாளில் பார்ப்பது | மதிப்பெண் |
|---|---|
| திடீரென்று தொடங்கியது | 5 |
| வயது பத்துக்குக் கீழ் | 3 |
| முன்னால் ஒரு தொற்று (சளி, காய்ச்சல்) | 2 |
| பிளேட்லெட் 5,000-க்குக் கீழ் | 2 |
| வாய், மூக்கு ஈரப்பகுதியில் கசிவு | 1 |
| ஆண் குழந்தை | 1 |

மொத்தம் 14. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மூன்று மாதத்துக்குள் பெரிய தொந்தரவில்லாமல் முடிய நல்ல வாய்ப்பு.

இந்த அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். பெற்றோரின் வயிற்றைக் கலக்கும் விஷயங்கள் எல்லாம் நல்ல பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன! ஒரே ராத்திரியில் உடம்பெல்லாம் புள்ளி, எண் மூவாயிரம், வாயில் ரத்தக் கொப்புளம் என்று பயமுறுத்திக்கொண்டு வருவது சீக்கிரம் கிளம்பிவிடும். சாதுவாக வருவதுதான் தங்கும். 2014-ல் நெதர்லாந்துக் குழு ஒன்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதையேதான் கண்டது. வயது கூடுதல், பெண் குழந்தை, மெல்ல மெல்லத் தொடங்கியது, முன்னால் தொற்றோ தடுப்பூசியோ இல்லை, ஈரப்பகுதிக் கசிவு இல்லை, முதல் நாள் எண் அதிகம், ரத்தத்தில் ஏ.என்.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் இருப்பது: இவையெல்லாம் நாள்படும் பக்கம் சாய்கின்றன.

வாலாஜாவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா என்னிடம் நிம்மதியாகப் பேசினார். "என் பொண்ணுக்கு நாற்பத்தஞ்சாயிரம் இருக்குங்க, உங்க அக்கா பொண்ணு மாதிரி ஏழாயிரம் இல்லை." அந்தப் பெண்ணுக்கு மாதக்கணக்காகக் காலில் நீலத் திட்டு வந்து போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் எதுவும் வந்ததில்லை. அட்டவணையில் மதிப்பெண் பூஜ்யம். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ரத்தவியல் மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் மருந்தில்தான் இருக்கிறாள்.

எங்கள் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தேன். திடீர் 5, வயது 3, சளி 2. எண் 7,000 என்பதால் அதில் ஒன்றும் இல்லை, கசிவு அன்றைக்கு இல்லை, பெண். மொத்தம் சரியாக 10. மூன்று மாதம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஆனது ஐந்து மாதம். நூறு குழந்தைகளில் எத்தனை பேர் என்று அட்டவணை சொல்லும், அந்த நூறில் நம் குழந்தை யார் என்று சொல்லாது. நான் வாய் தவறித் தேதி கொடுத்திருக்கக் கூடாது. அக்கா காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டாள்.

## வழி 1: மருந்தில்லாமல் விட்டுப் பார்ப்பது

"சும்மா விடுவது" என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே தப்பு. இதற்குத்தான் வீட்டில் அதிக வேலை.

கசிவு தோலோடு நின்றால், எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இன்றைய வழிகாட்டுதல் முதலில் சொல்வது இதைத்தான். படுக்கை சேர்க்கக்கூட வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: வீடு தூரமாக இருந்தாலோ, மறுபடி வந்து காட்டுவது நிச்சயம் இல்லை என்றாலோ, சேர்த்துப் பார்ப்பது நல்லது. வேலூர் நகரத்துக்குள் சத்துவாச்சாரியில் இருக்கும் குழந்தைக்கும் ஜவ்வாது மலை மேல் இருக்கும் குழந்தைக்கும் ஒரே எண் இருக்கலாம், ஒரே முடிவு இருக்க வேண்டியதில்லை.

வீட்டில் என்ன செய்தோம் என்றால், கட்டிலை விட்டுப் பாய்க்கு மாறினோம். மூன்று சக்கர சைக்கிளைப் பரண் மேல் ஏற்றினோம். டி.வி.எஸ். வண்டியின் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போவது நின்றது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், ஆஸ்பிரின் வகை எதுவும் கூடாது, இருக்கிற கொஞ்ச நஞ்ச பிளேட்லெட்டையும் அவை வேலை செய்ய விடாது. தசையில் ஊசி போடக் கூடாது. இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். புள்ளி வந்த அன்று காலையில், எண் தெரிவதற்கு முன்னால், பக்கத்து கிளினிக் ஒன்றில் இடுப்பில் ஒரு ஊசி போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் எலுமிச்சம்பழம் அளவு ரத்தக்கட்டு. அது கரைய மூன்று வாரம் ஆனது.

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காதவர்களே இல்லை. டெங்குவுக்குக் கொடுத்துப் பார்த்த சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. இந்த நோய் வேறு, இங்கே அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். குமட்டிக் குமட்டி வாந்தி எடுக்கும் குழந்தைக்குத் தலையில் அழுத்தம் ஏறுவதுதான் மிச்சம். "பிளேட்லெட் ஏத்திடலாமே" என்பது அடுத்த கேள்வி. 1950-ல் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் இந்த நோய் உள்ள ஒரு பெண்ணின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அடியோடு விழுந்தது. நோயாளியின் ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்று, நல்ல ஆளின் பிளேட்லெட்டையும் விடாது என்று அப்போதுதான் தெரிந்தது. பையில் வாங்கி ஏற்றுவதையும் அது அப்படியேதான் செய்யும். உயிருக்கு ஆபத்தான கசிவில் மற்ற மருந்துகளோடு சேர்த்து ஏற்றுவார்கள், மற்ற நேரத்தில் வீண்.

பில்லில் இதற்குச் செலவு குறைவு. பில்லில் வராதது நிறைய. அக்கா மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. விளையாட்டுப் பள்ளியில் ஒரு ஆயா, குழந்தையின் தொடையில் இருந்த நீலத் திட்டைப் பார்த்துவிட்டு, யார் அடித்தார்கள் என்று அவளையே தனியாகக் கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தான். மருத்துவரின் சீட்டு ஒன்றைப் பள்ளியில் கொடுத்து வைப்பது நல்லது என்று அப்போதுதான் புரிந்தது. இன்னொரு செலவு, தினமும் எண் பார்க்கும் ஆசை. நான் லேபில் இருப்பதால் ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்தேன். 7,000, 9,000, 6,000. ஒவ்வொரு முறையும் வீடு ஒருமுறை ஏறி இறங்கியது. எங்கள் மருத்துவர்தான், வாரம் ஒன்று போதும், குழந்தையைப் பாருங்கள் என்று நிறுத்தினார்.

கசிவு தோலோடு நிற்கும் குழந்தை, பக்கத்தில் ஆஸ்பத்திரி, கூடவே இருக்க ஒரு பெரியவர்: இந்த மூன்றும் இருந்தால் இதுதான் நல்ல வழி.

## வழி 2: ஸ்டீராய்டு மாத்திரை, சில நாட்களுக்கு மட்டும்

பதினோராவது நாள் அவள் வாய்க்குள் கருநீலக் கொப்புளம் வந்தது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். என் பட்டியலின் முதல் கேள்விக்கு விடை மாறிவிட்டது. எண் அன்றைக்கு 8,000, முதல் நாளைவிட அதிகம்தான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஐந்து நாளுக்கு பிரட்னிசலோன் தொடங்கினார்கள்.

குழந்தைகளுக்கு எடைக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வீதம் ஐந்து முதல் ஏழு நாள் போதும் என்பது இப்போதைய நடைமுறை. மாத்திரை மலிவு, எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாட்களில் எண் ஏறத் தொடங்கும். இவளுக்கு ஏழாவது நாள் 62,000. வீட்டில் பாயசம். மூன்றாவது வாரம் 18,000. பாயசம் வைத்தது தப்பாகிப் போயிற்று.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். மாத்திரை நோயை முடிக்கவில்லை. கொப்புளம் வந்த வாரத்தைப் பாதுகாப்பாகக் கடக்க வைத்தது, அதுதான் அதன் வேலை. எண் மறுபடி இறங்கியபோது கசிவு இல்லை, ஆகவே மருந்தும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு: பசி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்டாள். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிந்தாள், எறிந்துவிட்டு அவளே அழுதாள். வயிற்று எரிச்சல், தூக்கக் குறைவு எல்லாம் உண்டு. நிறுத்தினால் நான்கைந்து நாளில் பழையபடி ஆகிவிடும். ஆபத்து எங்கே என்றால், எண் இறங்குகிறதே என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீட்டிக்கொண்டே போவதில். முகம் ஊதி, வளர்ச்சி குன்றி, எலும்பு பலம் குறைந்து, நோயைவிட மருந்து பெரிய தொல்லையாகிவிடும். இன்னொன்று, ஸ்லைடைத் தேர்ந்த கண் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது. உள்ளே ரத்தப் புற்றுநோய் இருந்தால் அதைத் தற்காலிகமாக மறைத்துவிடும் மருந்து இது.

ஈரப்பகுதியில் கசிவு, ஆனால் அவசரம் இல்லை, கையில் பணம் இல்லை, அல்லது குழந்தையின் அன்றாடமே பயத்தில் முடங்கிவிட்டது என்றால் இது பொருத்தம்.

## வழி 3: ஐ.வி.ஐ.ஜி. ஊசி

ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் இது. 1981-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக் இதை ஐ.டி.பி. குழந்தைகளுக்குக் கொடுத்து எண் ஏறுவதைக் கண்டு எழுதினார். 1735-ல் நோயை விவரித்தவர் பால் வெர்ல்ஹாஃப், மண்ணீரலை எடுக்கலாம் என்று 1916-ல் சொன்ன மாணவர் பால் கஸ்னெல்சன். இந்த நோய்க்கும் பால் என்ற பெயருக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம்.

வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஓரிரு நாளில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எண் பாதுகாப்பான அளவுக்கு வந்துவிடும். கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம், ஒரே தடவை, பல மணி நேரம் மெல்ல இறங்கும். பதினைந்து கிலோ குழந்தைக்கு ஐந்து கிராம் பாட்டில் மூன்று. ஒரு பாட்டிலே பல ஆயிரம் ரூபாய். எடை கூடக் கூட பில்லும் கூடும், முப்பது கிலோ குழந்தைக்கு இரட்டிப்பு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சி.எம்.சி. ஆனாலும், காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் விசாரித்துவிட்டு அப்புறம் நகையை எடுங்கள்.

2018-ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். புதிதாக நோய் வந்த 206 குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள், பாதிப் பேருக்கு ஐ.வி.ஐ.ஜி., பாதிப் பேரை விட்டுப் பார்த்தார்கள். நோய் நாள்பட்டது ஊசிப் பக்கம் 18.6 சதவீதம், விட்டுப் பார்த்த பக்கம் 28.9 சதவீதம். வித்தியாசம் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் தற்செயலாக வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. கடுமையான கசிவோ ஒரு பக்கம் 1 சதவீதம், மறுபக்கம் 9 சதவீதம். முதல் சில வாரங்களின் கசிவை ஊசி உண்மையாகவே குறைக்கிறது. நோயைச் சுருக்குவதற்காக மட்டும் கடன் வாங்கிப் போடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, தலைவலி. ஊசிக்கு அப்புறம் ஒரு நாள், இரண்டு நாள் கடுமையான தலைவலியும் வாந்தியும் வரலாம். பிளேட்லெட் குறைந்த குழந்தைக்குத் தலைவலி என்றால் மூளையில் கசிவோ என்று சி.டி. ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கும், அந்த ராத்திரியின் பயத்துக்கு விலை கிடையாது. இரண்டு, தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை எட்டு முதல் பதினொரு மாதம் தள்ளிப் போட வேண்டும். அங்கன்வாடிக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். மூன்று, இரண்டு முதல் நான்கு வாரத்தில் எண் திரும்ப இறங்கலாம். அவ்வளவு செலவு செய்தும் இறங்குகிறதே என்ற அடி பலமாக விழும்.

கசிவு வேகமாகப் போகிறது, தலையில் அடி, உடனே அறுவை சிகிச்சை வேண்டும், அல்லது ஸ்டீராய்டு கொடுக்க முடியாத நிலை என்றால் பணத்தைப் பார்க்காமல் இதுதான். ஆன்டி-டி என்ற இன்னொரு ஊசியும் உண்டு. ஆர்.எச். பாசிட்டிவ் ரத்த வகைக் குழந்தைகளுக்கு மட்டும், சிவப்பணுவை உடைக்கும் ஆபத்தோடு. முதல் தேர்வாக இப்போது பெரும்பாலும் அதற்குப் போவதில்லை.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | விட்டுப் பார்ப்பது | ஸ்டீராய்டு | ஐ.வி.ஐ.ஜி. |
|---|---|---|---|
| எண் ஏறும் வேகம் | உடம்பின் விருப்பம் | சில நாட்கள் | ஓரிரு நாள் |
| நோய் நீளாமல் தடுக்குமா | இல்லை | இல்லை | உறுதியில்லை |
| பில் | குறைவு | குறைவு | எடையைப் பொறுத்து மிக அதிகம் |
| பில்லில் வராதது | தூக்கம், விடுப்பு, ஊர்ப் பேச்சு | பசி, கோபம், நீட்டிக்கும் ஆசை | தலைவலி, ஸ்கேன், தள்ளிப் போகும் தடுப்பூசி |
| யாருக்கு | தோலில் மட்டும் புள்ளி, பக்கத்தில் வீடு | வாய், மூக்குக் கசிவு, அவசரமில்லை | கசிவு வேகம், அவசரம் |

எந்த வழியில் இருந்தாலும் இவை வந்தால் மறுயோசனை வேண்டாம், வண்டியை எடுங்கள்: விடாத தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், தலையில் அடி, கறுப்பாக மலம், சிறுநீரில் ரத்தம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல் முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை விடாமல் பத்து நிமிடம் பிடியுங்கள். அதிலும் நிற்காவிட்டால் கிளம்புங்கள்.

## ஒரு வருடம் தாண்டிவிட்டால்

இங்கே தேர்வுகள் மாறுகின்றன, முடிவு ரத்தவியல் மருத்துவருடையது. நாள்பட்ட நோயிலும் வருடங்கள் கழித்துத் தானாகத் தேறும் குழந்தைகள் உண்டு என்பதால், கசிவு இல்லாவிட்டால் விட்டுப் பார்ப்பது இங்கேயும் ஒரு வழிதான்.

மருந்து வேண்டும் என்றால் இப்போது முதலில் பேசப்படுவது எல்ட்ரோம்போபாக். மஜ்ஜையைப் பிளேட்லெட் அதிகம் செய்யத் தூண்டும் மாத்திரை. 2015-ல் அமெரிக்காவில் ஒரு வயது முதல் குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்தது. வாலாஜாப் பெண் எடுப்பது இதைத்தான். இதில் நம் ஊர்ச் சமையலறைக்கு ஒரு சிக்கல்: கால்சியம் கூட இருந்தால் மருந்து உடம்பில் சேராது. பால், தயிர், மோர், கேழ்வரகுக் கூழ் இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ நான்கு மணி நேரம் பின்னாலோதான் போட வேண்டும். இரண்டு மாதம் எண் ஏறவே இல்லை என்று அவர்கள் தவித்தார்கள். கேட்டுப் பார்த்தால் காலை மாத்திரையை மோரோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். ஈரல் சோதனையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மாதவிடாய் வந்த பெண்களுக்கு அந்த நாட்களின் போக்கைத் தனியாகக் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும், பெண்ணே வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் அது.

ரிடுக்ஸிமாப் ஊசி அடுத்தது. சிலருக்கு நன்றாகக் கேட்கும், பலருக்கு நிலைக்காது, பல மாதம் தடுப்பூசிகள் சரியாக வேலை செய்யாது. மண்ணீரலை எடுப்பது மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு நிலையான பலன் தரும். ஆனால் போனது போனதுதான், நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பயப்பட வேண்டும். அதனால்தான் குறைந்தது ஒரு வருடமாவது காத்திருந்து, முன்கூட்டியே தடுப்பூசிகள் போட்டு, கடைசி வழியாக வைக்கிறார்கள்.

## எங்கள் கணக்கு

18,000-க்கு அப்புறம் அவள் எண் ஆமை வேகத்தில் ஏறியது. பங்குனியில் 35,000, சித்திரையில் 58,000, ஆனியில் 1,60,000. நடுவில் எந்த மருந்தும் இல்லை. சைக்கிள் பரணிலிருந்து இறங்கியது.

ஆவணியில் வள்ளிமலை போனோம். மொட்டை போடும்போதே கத்தித் தீர்த்துவிட்டாள். ஆசாரி கம்பியைத் தயார் செய்துகொண்டிருக்கையில், அக்கா என்னிடம் மெதுவாக, "கடைசி ரிப்போர்ட் எவ்ளோடா?" என்றாள். அவளுக்குத் தெரியும். இருந்தும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன், 2,14,000. என் மடியில் ஏறி உட்கார்ந்தாள் குழந்தை. வலது காது முடிந்தது. இடது காதில் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அக்கா பஞ்சை எடுப்பதற்குள் நின்றுவிட்டது.